செம்பு மீனுக்கு அடியில் ஒரு படி சோளம்

போன மாதம் பல் டாக்டரிடம் போய்விட்டு வாடகை மோட்டார் சைக்கிளின் பின்னால் உட்கார்ந்து வந்துகொண்டிருந்தேன். ஆற்றங்கரைப் பக்கம் போக்குவரத்து நின்றுவிட்டது. வண்டி ஓட்டிய பையன் கைப்பேசியை நோண்ட ஆரம்பித்தான். நான் சும்மா அண்ணாந்து பார்த்தேன். அந்தப் பழைய கட்டடத்தைப் புதுப்பித்திருக்கிறார்கள். மஞ்சள் பூச்சு, வெள்ளை ஜன்னல், கீழே காப்பிக் கடை. உச்சிக் கூம்பில் மறுபடியும் ஒரு செம்பு மீன். கல்யாண வீட்டுக் குத்துவிளக்கு மாதிரி பளபளவென்று தேய்த்து வைத்திருக்கிறார்கள். மழைக்கு முந்தின காற்று அடித்தது, கடை வாசல் குடையெல்லாம் தூக்கியது. மீன் மட்டும் அசையவில்லை. ஆடாமல் இருக்க இறுக்கி முடுக்கி வைத்திருக்கிறார்கள்.

எனக்கு வந்த கோபத்தைப் பார்க்க வேண்டும். “சுத்தாத மீன எதுக்குடா அங்க ஏத்தி வச்சீங்க?” என்று வாய்விட்டே கத்திவிட்டேன். பையன் திரும்பி, வேறு வழியாகப் போகணுமா பாட்டி என்று கேட்டான். போடா என்று சொல்லிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

அந்த இடத்தில் முன்பு இருந்த மீனுக்குக் காலமெல்லாம் எண்ணெய் போட்டவர் என் வீட்டுக்காரர். காரைக்காலில் கப்பலேறி வந்து, ஒரு பிரெஞ்சுக் கம்பெனியில் கூரை வேலைக்குச் சேர்ந்தவர். துத்தநாகத் தகடு, ஈயத் தகடு, செம்புத் தகடு, இவைதான் எங்களுக்குச் சோறு போட்டன. சைகோனின் பழைய கட்டடங்களில் காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறதென்று காட்ட உச்சியில் ஒரு பொம்மையைச் சுற்றவிட்டிருப்பார்கள். சேவல், அம்பு, பாய்க்கப்பல் என்று ஆளுக்கொரு ஆசை. கம்பெனியில் அதற்கு ‘ழிருவெத்’ என்று பேர். எங்கள் வீட்டில் அது வெறும் மீன். “மீனுக்குப் போயிட்டு வரேன்” என்று அவர் சாக்குப் பையைத் தூக்கினால், பக்கத்து வீட்டு நாகூர்க்காரி, “அப்படியே எனக்கும் ரெண்டு விரால் வாங்கியாரச் சொல்லு” என்று கேலி செய்வாள்.

காற்று திரும்புவதற்கு முன்னால் ஏறுவார். தென்மேற்கிலிருந்து மழைக்காற்று வருமுன் ஒரு தடவை, அது ஓய்ந்து வாடை பிடிக்குமுன் ஒரு தடவை. மீன் ஓர் இரும்புத் தண்டின் மேல் உட்கார்ந்திருக்கும். தண்டின் முனையில் ஓர் எஃகுக் குண்டு. மொத்தக் கனமும் அந்தக் குண்டின் மேல்தான். அது காய்ந்தால் மீன் கத்தும், கத்தினால் நாலு தெருவுக்குக் கேட்கும். செம்பும் இரும்பும் நேராகத் தொட்டுக்கொண்டு மழையில் நனைந்தால் இரும்பு அரித்துப்போகும் என்று நடுவில் தோல் வார் சுற்றுவார். வால் பக்கம் எப்போதும் தலையைவிட அகலமாக இருக்க வேண்டும், அப்போதுதான் காற்று வாலைத் தள்ளி, தலை காற்றைப் பார்த்து நிற்கும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் பாசம் பொங்கி மீனைப் புளி போட்டுத் தேய்த்துப் பளிச்சென்று ஆக்கிவிட்டு, கம்பெனித் துரையிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டாராம். செம்பின் மேல் படிகிற பச்சைக் களிம்புதான் அதற்குச் சட்டை, அதைக் கழற்றிவிட்டால் உடம்பு தேய்ந்துபோகும் என்று துரை குதித்திருக்கிறான். அதற்கப்புறம் வீட்டில் நான் செம்புக் குடத்தைப் புளி போட்டுத் தேய்த்தாலே இவருக்கு முகம் சுருங்கும். “என் குடம், நான் தேய்ப்பேன். உங்க மீன நீங்க பாத்துக்குங்க” என்பேன். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விடுவார். அந்த மனுஷனோடு சண்டை போடுவதற்குச் சுவரில் போய் முட்டிக்கொள்ளலாம்.

மீனுக்கு அடியில், தண்டு கூரைக்குள் இறங்கும் இடத்தில், ஒரு செம்பு உருண்டை இருக்கும். தேங்காயைவிடக் கொஞ்சம் பெரிது. இரண்டு பாதியாகத் தட்டிச் சேர்த்தது, உள்ளே ஒன்றும் கிடையாது. ஓட்டையில் மழை இறங்காமல் மறைக்கவும், பார்க்க லட்சணமாக இருக்கவும் வைத்தது. என் குடும்பத்தைக் குடித்தது அந்த உருண்டைதான்.

வடக்குப் படை வந்து சைகோன் விழுந்த பிறகு கம்பெனி போனது, துரை போனான், தமிழர்களிலும் முக்கால்வாசிப் பேர் கிடைத்த விமானத்தில் போனார்கள். கட்டடம் மட்டும் நின்றது. அதை உணவு தானியம் பங்கிடும் அலுவலகமாக ஆக்கினார்கள், பின்கூடத்தில் மூட்டை அடுக்கினார்கள். இவரை அதே வேலையில் வைத்துக்கொண்டார்கள். அந்தக் கூம்பில் ஏறுகிற தைரியம் வேறு யாருக்கும் இல்லை. மற்றபடி எங்கள் மேல் பாசம் ஒன்றும் இல்லை.

பிறகு பஞ்சம். அரிசிப் பங்கு குறைந்துகொண்டே வந்து, அதன் இடத்தில் ‘போபோ’ என்று ஒன்றைக் கொடுத்தார்கள். பார்த்தால் நம்மூர்ச் சோளம். மாட்டுக்குப் போடுவது போல மேல்தோலோடு முழுசாகக் கொடுப்பார்கள். இரவெல்லாம் ஊறவைத்து அரை நாள் வேகவைத்தாலும் பல்லில் கல்லாக மாட்டும். பெரியவர்கள் எப்படியோ விழுங்கினோம். என் மகளுக்கு அப்போது பால் பல் விழ ஆரம்பித்த வயது. அவளுக்கு அது உள்ளே போன வேகத்தில் வெளியே வந்தது. அந்த வருட மழையில் காய்ச்சலும் சேர்ந்துகொண்டது. கால் இரண்டும் வீங்கி, அழக்கூடத் தெம்பில்லாமல் பாயில் கிடந்தாள். ஆஸ்பத்திரியில், ஏதாவது மெத்தென்ற கஞ்சி கொடுங்கள் என்றார்கள். எதைக் கொடுப்பது? என் நகை எல்லாம் எப்போதோ சந்தைக்குப் போய்விட்டது. நான் வாசலில் உட்கார்ந்து எல்லாச் சாமியையும் திட்டினேன். ஒன்றைக்கூட விடவில்லை.

அப்போதுதான் ஒரு நாள் சாயங்காலம் இவர் துண்டில் முடிந்து ஒரு சின்ன மூட்டை கொண்டுவந்தார். அவிழ்த்தால் வரகு. சைகோனில் வரகு! “ஏதுங்க இது?” என்றேன். “ஊருக்குப் போறவங்க குடுத்தாங்க” என்று சொல்லிவிட்டு முகம் கழுவப் போனார். பழைய வரகு, கொஞ்சம் மக்கின வாசனை அடித்தது. குத்திப் புடைத்து, கஞ்சியாகக் காய்ச்சி, உப்புப் போட்டு ஊட்டினேன். இறங்கியது, வயிற்றில் தங்கியது. அது தீருகிறவரை அவளுக்கு அதைத்தான் கொடுத்தேன், இரண்டு தடவை கலயத்தின் அடியை நானும் வழித்துத் தின்றேன். மழை நிற்கும்போது பிள்ளை சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றாள். கொடுத்த புண்ணியவான் யாரென்று மறுபடி கேட்டேன். இவர் சாக்குப் பையைத் தூக்கிக்கொண்டு வேலைக்குக் கிளம்பிவிட்டார்.

அடுத்த வருடம் கோடையில் மீன் கத்த ஆரம்பித்தது. அலுவலகத் தலைவர் வடக்கிலிருந்து வந்த ஒரு ‘கான்போ’, அதாவது கட்சி ஊழியர். மெலிந்த மனிதர், யாரையும் அதட்டிப் பேசமாட்டார். அந்தச் சத்தம் அவர் அறைக்குள் பல் கூசுகிற மாதிரி கேட்டதாம். இறக்கிச் சரிபண்ணு, அப்படியே திசைக்கு இருக்கிற பிரெஞ்சு எழுத்துகளைக் கழற்றிவிட்டு நம் வியட்நாமிய எழுத்துகளைப் போடு என்றார். இவர் மீனையும் அடியிலிருந்த உருண்டையையும் இறக்கிக் கொண்டுவந்து எங்கள் வீட்டு நடுக்கூடத்திலேயே போட்டார். சண்டைக் காலத்துத் துப்பாக்கிக் குண்டு ஒன்று வாலைத் துளைத்துப் போயிருந்தது, அதற்கு ஒட்டுப் போட்டார். கிரீஸ் கிடைக்கவில்லை. சோலோன் பேட்டைச் சீனன் மருந்துக் கடையில் விளக்கெண்ணெய் வாங்கி மெழுகில் குழைத்துத் தண்டின் எஃகுக் குண்டுக்கு வைத்தார். வடக்கில் இருந்த ‘என்’ எழுத்தையே கழற்றித் தெற்கில் மாட்டினார். இவர்கள் பேச்சில் தெற்குக்கு அந்த எழுத்துதானாம். ஒரு எழுத்துச் செம்பு மிச்சம் என்று அதிலே அவருக்கு ஒரு சந்தோஷம். அந்த வாரம்தான் அவர் முகத்தில் நான் கடைசியாகச் சிரிப்பைப் பார்த்தது.

மாட்டப் போகிறதற்குக் கொஞ்ச நாள் முன்பு பார்த்தால், இவர் தன் பங்குச் சோளத்தில் ஒவ்வொரு பிடியாக எடுத்துத் தகர டப்பாவில் போட்டுக்கொண்டிருக்கிறார். எனக்குப் பசிக்கவில்லை, உங்கள் ரெண்டு பேருக்கு மட்டும் ஊறப்போடு என்கிறார்.

“என்ன கூத்து இது?”

“உருண்டைக்குள்ள போட.”

எனக்குப் புரிந்தது. கோவில் விமானத்தில் கலசம் வைக்கும்போது உள்ளே வரகோ நெல்லோ சோளமோ நிரப்பித்தான் வைப்பார்கள். வெள்ளம் வந்து ஊரெல்லாம் போனாலும் விதைக்கு அது மிஞ்சும் என்பது நம் வழக்கம். இவருக்குக் கோவில் கலச வேலையும் தெரியும். செட்டியார்கள் கட்டி, ஒரு சந்துக்குள் இருந்த எங்கள் சின்னப் பிள்ளையார் கோவிலுக்குக் கூரை ஒழுகினால் இவர்தான் ஏறுவார்.

“அது என்ன கோவிலா? அரிசி ஆபீசு! உள்ள அடுக்கியிருக்கிற மூட்டை பத்தாதா?” என்றேன்.

“வெறும் உருண்டைய உச்சியில வைக்கப்படாது.”

“இத்தன வருசமா வெறும் உருண்டையாத்தானே இருந்துச்சு? அப்ப என்ன பண்ணீங்க?”

“இருந்துச்சு. இப்ப வைக்கணும்.”

“புத்தி கெட்டுப் போச்சா உங்களுக்கு? எலும்பு எலும்பாத் தெரியுது, நிமிந்து நிக்க முடியல, வாயில போடுறதக் கொண்டு போயி காக்காய்க்கு வைக்கப் போறாராம்!” டப்பாவைப் பிடுங்கினேன். அவர் என் கையைப் பிடித்தார். எங்கள் கல்யாணத்துக்கு அப்புறம் என் கையை அவர் அப்படி அழுத்திப் பிடித்ததில்லை. “விடு புள்ள” என்றார். பயந்துபோய் விட்டுவிட்டேன்.

உருண்டையின் இரண்டு பாதியையும் ஈயப் பற்று வைத்துத்தான் மூட வேண்டும். அந்த வருடம் ஊர் முழுக்கத் தேடியும் பற்றுவைக்க வெள்ளீயம் கிடைக்கவில்லை. மெழுகு ஊற்றி மூடினார். சைகோன் வெயிலில், செம்புக்கு மேல், மெழுகு எத்தனை நாள் நிற்கும்? அது அவருக்குத் தெரியாமல் இருக்குமா? தெரியும். ஆனாலும் மழைக்கு முன்னால் மாட்டியாக வேண்டிய அவசரம். அடுத்த தடவை ஏறும்போது சரியாக மூடிக்கொள்ளலாம் என்று நினைத்தாராம்.

மழை வந்தது. அதோடு எங்களுக்கு நல்ல செய்தியும் வந்தது. இந்தியாவுக்குப் போகிற விமானத்தில் மூன்று பேருக்கும் இடம் கொடுத்துவிட்டார்கள். மறுமாதம் பயணம். நான் பாத்திரங்களை விற்க ஆரம்பித்தேன், பிள்ளைக்கு என் பழைய சேலையில் ஒரு பாவாடை தைத்தேன். காரைக்காலில் போய் இறங்கினதும் ஒரு தட்டு வெள்ளைச் சோறு, வேறொன்றும் வேண்டாம் எனக்கு.

அலுவலகக் காவல்காரன்தான் முதலில் பார்த்தான். மீனுக்கு அடியில் புறா கூடுகிறது, உருண்டையின் இடுக்கில் பச்சையாக ஏதோ நீட்டிக்கொண்டிருக்கிறது என்று. மெழுகு உருகி, தண்ணீர் இறங்கி, சோளம் முளைவிட்டுவிட்டது. ஆளை ஏற்றி உருண்டையை இறக்கினார்கள். முதலில் தங்கம் என்று நினைத்தார்களாம், அந்தக் காலத்தில் எல்லாரும் எதையோ எங்கேயோ ஒளித்துக்கொண்டிருந்தார்கள். பிரித்தால் ஒரு படி சோளம், பாதி ஊறி, பாதி முளைத்து. அரசாங்க தானிய அலுவலகத்தின் கூரையில் தானியம். அந்த நேரம் பார்த்துப் பின்கூடத்தில் மூட்டைகள் குறைந்திருந்தன. யாரோ தின்றார்கள், யாரோ விற்றார்கள், பழியைப் போட ஓர் ஆள் தேவைப்பட்டது. இவரை வேலை செய்துகொண்டிருந்த இடத்திலிருந்தே கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள்.

செய்தி கேட்டதும் நாள் எண்ணிப் பார்த்தேன். பயண நாளுக்கு இன்னும் கொஞ்சமே இருந்தது. அதற்குள் இவர் வெளியே வராவிட்டால் நாங்கள் யாரும் போக முடியாது. இவரை விட்டுவிட்டு நான் எங்கே போவேன்? பிள்ளையைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு அந்தக் கான்போவைப் போய்ப் பார்த்தேன்.

அவர் என்னை அக்கா என்று முறை வைத்தே கூப்பிட்டார், உட்காரச் சொன்னார், வெந்நீர் ஊற்றிக் கொடுத்தார். அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல். கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன். எங்கள் வழக்கத்தை எனக்குத் தெரிந்த வியட்நாமியில் விளக்கினேன். அவர் முழுதும் கேட்டார்.

“அக்கா, நான் பல வருடம் காட்டில் இருந்தவன். பசி எனக்குத் தெரியும். உங்கள் கணவர் அது தன்னுடைய பங்கு என்கிறார். பசித்தவன் தன் பங்கை வாயில் போடுவான், உயரத்தில் கொண்டுபோய் வைக்கமாட்டான். திருடினவன்தான் ஒளித்து வைப்பான்.”

“எங்க ஆளுங்க வைப்பாங்க! நீங்க வேணும்னா வந்து பாருங்க. எங்க கோவில்ல கலசம் இருக்கு. பசியும் பட்டினியுமா எத்தன வருசம் போச்சு, யாரும் தொட்டதில்ல. தொறந்து பாருங்க. உள்ள தானியம் இல்லன்னா என்னையும் புடிச்சு உள்ள போடுங்க.”

அவர் “சரி, பார்க்கலாம்” என்றார். எனக்கு அவர் காலில் விழலாம் போல இருந்தது.

கோவில் அப்போது பூட்டிக் கிடந்தது. தர்மகர்த்தாக்கள் எல்லாரும் ஊருக்குப் போய்விட்டார்கள். மிஞ்சியவர் சாவி வைத்திருந்த ஒரு செட்டியார் மட்டும். வெள்ளிக்கிழமை மட்டும் திறந்து விளக்கேற்றிவிட்டுப் பூட்டிவிடுவார். அவரும் அதே விமானத்தில் போக இருந்தவர். கலசத்தை இறக்க வேண்டும் என்றதும் சாவியை மடியில் செருகிக்கொண்டார்.

“குடமுழுக்கு இல்லாம கலசத்தத் தொடப்படாது ஆத்தா. ஒனக்குத் தெரியாதா?”

“எம் புருசன் உள்ள இருக்காரு, ஒங்க கலசம் மேல இருக்கு. எது பெருசு, நீங்களே சொல்லுங்க” என்றேன்.

செட்டியார் கான்போவின் முகத்தைப் பார்த்தார், சாவியைக் கொடுத்தார், திரும்பி நின்றுகொண்டார்.

அலுவலக ஆள் ஒருவன் கோவில் விமானத்தில் ஏறிக் கலசத்தைத் தண்டிலிருந்து உருவி, கயிறு கட்டி இறக்கினான். மழை விட்டிருந்தது, முற்றமெல்லாம் சேறு. நான் பிள்ளையாரைப் பார்த்துக் கும்பிட்டுக்கொண்டு நின்றேன். ஜெயித்துவிட்டோம் என்றே நினைத்தேன். கான்போ குந்தி உட்கார்ந்து கலசத்தைக் கழற்றி, கவிழ்த்து, தட்டினார்.

ஒன்றும் விழவில்லை.

மறுபடி தட்டினார். கொஞ்சம் தூசி. விரலை விட்டுத் துழாவினார். சுவரில் ஒட்டியிருந்த நாலைந்து மணிகள் அவர் விரலோடு வந்தன. உள்ளங்கையில் வைத்து என்னிடம் நீட்டினார். “இது என்ன?”

வரகு. பழைய வரகு. குனிந்தபோதே அந்த மக்கின வாசனை வந்துவிட்டது. என் கையால் குத்தி, புடைத்து, காய்ச்சி, ஊட்டியது. முந்தின வருட மழையில் கோவில் கூரை ஒழுகுகிறது என்று இவர் ஏறினார். அதற்கு மறுநாளோ மூன்றாம் நாளோதான் துண்டு மூட்டையோடு வந்தார். அடப் பாவி மனுஷா! யாரும் கொடுக்கவில்லை. பிள்ளையாரிடமிருந்து எடுத்திருக்கிறார்.

செட்டியார் தலையில் கைவைத்துத் தரையில் உட்கார்ந்துவிட்டார். கான்போ எழுந்தார். “பார்த்தீர்களா அக்கா. உங்கள் ஆட்களும் மனிதர்கள்தான்” என்றார். கேலி இல்லை, வருத்தமாகத்தான் சொன்னார்.

நான் நின்ற இடத்தில் நின்றபடி யோசித்தேன். வாயை மூடிக்கொண்டால், வழக்கம் என்று ஒன்றே கிடையாது, இவர் அரசாங்க மூட்டையில் கைவைத்தவர் என்று ஆகிவிடும், எத்தனை வருடம் போடுவார்களோ தெரியாது. உண்மையைச் சொன்னால் வழக்கம் உண்டு என்று ஆகும். இவர் சாமியிடம் எடுத்தவர் என்றும் ஆகும். பிள்ளையார் போலீசுக்குப் போகமாட்டார். சொல்லிவிட்டேன். முதலில் வியட்நாமியில் அவருக்கு, பிறகு தமிழில் செட்டியாருக்கு.

“இதுல தானியம் இருந்துச்சு. எம் புருசன்தான் எடுத்தாரு. எம் புள்ள சாகக் கெடந்துச்சு, அதுக்குக் குடுத்தோம். நானும் தின்னேன். எடுத்ததத் திருப்பி வைக்கத்தான் அவரு பங்க மிச்சம் பிடிச்சு அந்த உருண்டைக்குள்ள போட்டாரு. இதுதான் நடந்துச்சு.”

செட்டியார்தான் முதலில் வாய் திறந்தார். “புள்ள பொழச்சிருச்சா?”

“பொழச்சிருச்சு.”

“அந்த மட்டுக்கும் சரி” என்றார். அப்புறம், என் முகத்தைப் பார்க்காமல், “இனிமே இந்த வாசலுக்கு வராத ஆத்தா” என்றார்.

கான்போ கைக்குட்டையில் அந்த வரகு மணிகளை முடிந்து பைக்குள் வைத்துக்கொண்டார். “அக்கா, உங்கள் கணவர் உயரத்தில் ஏறித் தானியம் எடுப்பவர் என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள். நான் இனி என்ன செய்ய முடியும்?” என்றார்.

அவ்வளவுதான். சாமி தானியத்தை எடுத்தவன் அரசாங்கத் தானியத்தை எடுக்கமாட்டானா என்று விசாரணையில் கேட்டார்களாம். எடுத்தவன் ஒரு தடவைதான் எடுத்தான், திருப்பியும் வைத்தான் என்பது யார் காதிலும் ஏறவில்லை. நான் சொன்னது தப்பு என்று பிறகு பலர் சொன்னார்கள். போங்கடா! அன்றைக்கு அந்த முற்றத்தில் நின்றவள் நான். மறுபடி நிற்கச் சொன்னாலும் அதையேதான் சொல்வேன். பொய்யைச் சொல்லியும் காப்பாற்ற முடியாத இடத்தில் வேறு எதைச் சொல்வது?

பயண நாள் வந்தது. செட்டியார் போனார், பக்கத்து வீட்டு நாகூர்க்காரி போனாள், எங்கள் தெருவில் மிஞ்சியிருந்த தமிழ்க் குடும்பங்கள் எல்லாம் போயின. நாகூர்க்காரி மட்டும் என் மகளைக் கட்டிப்பிடித்து அழுதாள். எங்கள் மூன்று இடத்தில் வேறு யாரோ உட்கார்ந்து போனார்கள்.

இவரைக் காட்டோரத்தில் ஒரு வேலை முகாமுக்கு அனுப்பியிருந்தார்கள். பார்க்க அனுமதி கிடைத்து நான் போனபோது வாடை பிடித்திருந்தது. பெட்ரோல் கிடைக்காததால் பின்னால் கரியடுப்பைக் கட்டிக்கொண்டு ஓடுகிற பஸ், ஒவ்வொரு மேட்டிலும் நின்று புகைந்தது. பலகை மேசைக்கு அந்தப் பக்கம் அவரைக் கொண்டுவந்து உட்காரவைத்தார்கள். எனக்கு அடையாளம் தெரியவில்லை. கழுத்து நரம்பெல்லாம் கயிறு மாதிரி. வியட்நாமியில்தான் பேச வேண்டும் என்று காவலாளி சொன்னான். சுகமா, சுகம், பிள்ளை சாப்பிடுகிறாளா, சாப்பிடுகிறாள். என்ன பேச்சு இது, அந்நிய மொழியில், அந்நியர்களைப் போல.

காவலாளி வாசலுக்குப் போய் சிகரெட் பற்றவைத்தான். நான் தமிழுக்குத் தாவினேன்.

“எடுத்தீங்க, சரி. புள்ளைக்காக எடுத்தீங்க. கம்முனு இருந்திருக்கக் கூடாதா? எதுக்குத் திருப்பி வைக்கப் போனீங்க?”

“எடுத்தா வைக்கணும்ல.”

“கோவில்லயே வச்சிருக்கலாம்ல?”

“பூட்டிக் கெடந்துச்சு. சாவி கேட்டா எதுக்குன்னு கேப்பாரு. என்னன்னு சொல்ல?”

“அதுக்கு ஆபீசு உச்சியிலயா?”

“ஒசரமா வேற எடம் எனக்கு யாரு குடுப்பா?” என்றார்.

எனக்கு அவரை அடிக்க வேண்டும் போல இருந்தது. கட்டிக்கொண்டு அழ வேண்டும் போலவும் இருந்தது. இரண்டுக்கும் நடுவில் அந்தப் பலகை. அவர் வாசலைப் பார்த்துவிட்டு, குனிந்து, வேகமாகக் கேட்டார்.

“பாப்பாகிட்ட சொல்லிட்டியா?”

“எதை?”

“அது தின்னது எதுன்னு.”

“இல்ல.”

“சொல்லாத. சாமி சோத்த எடுத்துத் தின்னுதான் பொழச்சோம், அதுக்காக அப்பன் உள்ள போனான்னு தெரிஞ்சா அது நெஞ்சுல ஒக்காந்துரும். சாகுற வரைக்கும் எறங்காது. எப்பவும் சொல்லாத. சரின்னு சொல்லு.”

“சரிங்க.”

காவலாளி திரும்பி வந்தான். நேரம் முடிந்தது என்றான்.

அடுத்த தடவை போக அனுமதி கேட்டு நின்றபோது, காய்ச்சலில் போய்விட்டார், அங்கேயே புதைத்துவிட்டோம் என்று சொன்னார்கள். எரிக்கக்கூட இல்லை. நான் அந்த அனுமதி அலுவலக வாசலில் மண்ணை வாரித் தூற்றினேன். ஒருத்தரும் என்னைத் தடுக்கவில்லை, அதுவரைக்கும் புண்ணியம்.

நான் இங்கேயே இருந்துவிட்டேன். மாவு அரைத்து விற்றேன், சாம்பார் பொடி இடித்து விற்றேன், பிள்ளையை வளர்த்தேன். இப்போது அவள் ஆற்றுக்கு அந்தப் பக்கம் தாவோ தியெனில் ஒரு பெரிய அடுக்குமாடியில் இருக்கிறாள். நானும் அவளோடுதான். அப்பாவை ஏன் பிடித்தார்கள் என்று சின்ன வயதில் கேட்டாள், கல்யாணத்துக்கு முன்னால் கேட்டாள், இப்போதும் சிலசமயம் கேட்கிறாள். அப்போது யாரைத்தான் பிடிக்கவில்லை என்பேன். அதற்கு மேல் அவள் வற்புறுத்துவதில்லை. விஷயம் தெரிந்தவர்கள் எல்லாரும் அந்த விமானத்தில் ஏறிப் போய்விட்டார்கள்.

இங்கே கம்ப்யூட்டர் வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் சென்னைப் பெண்கள் என்னைப் பார்க்க வருவார்கள். “என்ன ஆன்ட்டி, பொண்ணுக்கு ஒரு வார்த்தை தமிழ் வரலையே, நீங்க சொல்லிக் குடுக்கலையா?” என்று உரிமையோடு கோபித்துக்கொள்வார்கள். சோம்பேறித்தனம்மா என்று சிரித்துவிடுவேன். எனக்கு எழுதவும் மனம்விட்டுப் பேசவும் தெரிந்த மொழி இது ஒன்றுதான். என்றைக்காவது இதை எழுதாமல் என்னால் சாக முடியாது என்று அந்த முகாம் பஸ்ஸிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. அதனால்தான் அவர் போன பிறகு வீட்டில் தமிழை நிறுத்தினேன். தெரிந்த தமிழையெல்லாம் பிள்ளை மறக்கும்வரை வியட்நாமியிலேயே பேசினேன். ஓர் எழுத்துக்கூடக் கற்றுக்கொடுக்கவில்லை.

இந்தக் காகிதங்களை நான் ஒளித்து வைப்பதில்லை. சாப்பாட்டு மேசை மேலேயே கிடக்கின்றன. காலையில் என் மகள் மேசையைத் துடைக்கும்போது, ஒன்று கலையாமல் அடுக்கி, ஓரமாக எடுத்து வைக்கிறாள்.